பதினான்காம் எண் அறையில் ஒரு கேக்

ஷட்டரைத் தூக்கும்போது மெர்ல் ஹாஸெட் அம்மாள் சத்தமே எழுப்பமாட்டார். மற்றவர்கள் எல்லாம் ஒரே இழுப்பில் கடகடவென்று உருட்டிவிட்டுப் போவார்கள். மெர்ல் ஒரு கையால் தூக்கி மறு கையால் அடியில் தாங்கி, தூங்கும் குழந்தையின் போர்வையை விலக்குவதுபோல் மெல்ல மெல்ல ஏற்றுவார்.

"பக்கத்து அறையில யாராவது தலைவலியோட நின்னுட்டிருந்தா?" என்பார்.

வாடகைக் கிடங்கில் வந்து யார் தலைவலியோடு நிற்கப்போகிறார்கள்? ஆனாலும் அவருக்கு அந்தக் கவலை உண்டு.

எங்கள் பிண்டரூ ஊரில் பழைய கம்பளிக் கிடங்கு ஒன்றைத் தகரத் தடுப்புகளால் அறை அறையாகப் பிரித்து, வீட்டுச் சாமான் வைக்க வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். முழங்கை அளவு தடிமனில் செங்கல் சுவர். பிப்ரவரி வெயிலிலும் உள்ளே குளுகுளுவென்று இருக்கும். மழை பெய்தால் மரத்தரையிலிருந்து ஆட்டுக் கம்பளி வாசம் கிளம்பும். மெர்லுக்குப் பதினான்காம் எண் அறை. அதற்கு நேர் எதிர் அறை என்னுடையது. இந்தக் கதையில் பாதியை நான் கண்ணால் பார்த்தேன். மீதியை மெர்லே சிரித்துக்கொண்டும் மூக்கைச் சிந்திக்கொண்டும் சொன்னார்.

மெர்ல் வாழ்நாள் முழுக்கப் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். இந்த ஊரில் பாதிப் பேர் அவர் பேருந்தில் போய்த்தான் எழுத்துப் படித்தார்கள். இறங்கும்போது இருக்கைக்கு அடியில் ஒரு மிட்டாய்த் தாள் கிடந்தாலும், "யாரோடது? எடுத்துட்டு இறங்கு," என்று கதவைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பாராம். கணவர் கிளாரிக்குச் சர்க்கரை நோய் வந்து கால்கள் மரத்துப்போன பிறகு, பண்ணை வீட்டை விற்றுவிட்டு மருத்துவமனைக்குப் பக்கத்தில் முதியோர் குடியிருப்பில் இரண்டு சின்ன அறைகளுக்குள் குடிபுகுந்தார்கள். அங்கே நுழையாததும், தூக்கி எறிய மனம் வராததும் பதினான்குக்கு வந்தன. தையல் இயந்திரம், பெரிய சாப்பாட்டு மேசை, பெர்த் நகரத்தில் இருக்கும் மகனுடைய கிரிக்கெட் பை, கிறிஸ்துமஸ் அலங்காரங்கள், கிளாரியின் பச்சை நிறச் சாய்வு நாற்காலி.

அந்த அறையைத் திறந்து பார்த்தால் கோயில் கருவறை மாதிரி இருக்கும். எதுவும் தரையில் படாது; எல்லாம் மரச் சட்டங்களின் மேல் நிற்கும். சுவருக்கும் சாமானுக்கும் நடுவே கை நுழையும் அளவு காற்று போக இடம். நடுவில் ஓர் ஆள் நடக்க வழி. புல்வெட்டும் இயந்திரத்தில் ஒரு சொட்டுப் பெட்ரோல் இருக்காது, கொண்டுவரும் முன்பே வடித்துவிட்டார். பழைய ஃபிரிட்ஜ் நாறிப்போகாமல் இருக்க ஒரு துண்டை மடித்துச் செருகி அதன் கதவைத் திறந்தே வைத்திருப்பார். தள்ளுவண்டியை எடுத்தால் எடுத்த இடத்தில் விடுவார். எண்ணை அழுத்தித் திறக்கும் பெரிய கேட்டைத் தாண்டி வண்டி உள்ளே வந்ததும், கேட் முழுசாக மூடும் வரை நின்று பார்த்துவிட்டுத்தான் நகர்வார். பின்னால் முகம் தெரியாத ஆள் எவனும் ஒட்டிக்கொண்டு நுழைந்துவிடக் கூடாதே!

கிடங்கை நடத்துபவள் டேனெல். நாற்பது வயது, கணீர்க் குரல், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்து பேசினாலும் கடைசி அறை வரை கேட்கும். புதிதாக யார் வந்தாலும் மெர்லின் அனுமதியோடு பதினான்கைத் திறந்து காட்டுவாள்.

"இப்படி வைக்கத் தெரிஞ்சா வாங்க. இல்லேன்னா உங்க மாமியார் வீட்டுலயே போட்டு வையுங்க."

இப்படிப்பட்ட மெர்ல்தான் கடைசியில் அந்தக் காரியத்தைச் செய்தார்!

அதற்கு முன் கிர்ராலியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நவம்பரில் ஆறு கரையை உடைத்துக்கொண்டு வந்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். கிர்ராலி தானிய லாரி ஓட்டுபவள். முப்பது வயது, இரண்டு சின்னப் பிள்ளைகள், கணவன் என்று சொல்லிக்கொள்ள யாரும் கூட இல்லை. அவள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றது. தண்ணீர் வடிந்த பிறகு, உயரத்தில் இருந்ததால் தப்பித்த சாமான்களை மட்டும் லாரியில் ஏற்றிக்கொண்டு பதினைந்தாம் எண் அறைக்கு வந்தாள். வரும் வழியில் மழை பிடித்துக்கொண்டது.

பிள்ளைகளின் மேலடுக்குக் கட்டில் மெத்தையை அவள் உள்ளே தள்ளும்போது, நடைவழியில் மெர்லின் குரல் கேட்டது.

"அத உள்ள வைக்காதீங்க."

"எத?"

"அந்த மெத்தைய. சொட்டச் சொட்ட நனைஞ்சிருக்கு."

"மேல மட்டும்தான் ஈரம். காஞ்சிடும்."

"மூடின அறையில எங்கேர்ந்து காயும்? பூஞ்சை பிடிக்கும். தடுப்புக்கு மேல பாருங்க, வெறும் வலைதான். உங்க பூஞ்சை எனக்கு வரும், எங்கிட்டேர்ந்து பதிமூணுக்குப் போகும், அங்கேர்ந்து வரிசையா எல்லாருக்கும்."

கிர்ராலி மெத்தையை அப்படியே கீழே போட்டாள். அவள் முகத்தை நான் பார்த்தேன். ஒரு வாரமாகத் தூங்காத முகம்.

"பாருங்கம்மா. என் வீடு போச்சு. என் பசங்க சோபால தூங்குறாங்க, அதுவும் அடுத்தவங்க சோபால. எனக்கு மிச்சம் இருக்கறதே இதுதான். இப்ப வந்து பூஞ்சை பாடம் நடத்துறீங்களா?"

அப்புறம் அழுதாள். லாரி ஓட்டும் பெண், கையில் காப்புக் காய்த்த பெண், அந்த நனைந்த மெத்தையின் மேலேயே உட்கார்ந்து சிறு பிள்ளைபோல் விம்மி விம்மி அழுதாள்.

மெர்ல் அவள் பக்கத்தில் வந்து நின்றார். பிறகு குனிந்து மெத்தையின் மறு முனையைப் பிடித்தார்.

"எந்திரிங்க. அந்தப் பக்கம் பிடிங்க. என் வண்டில ஏத்துவோம்."

"எங்க?"

"எங்க குடியிருப்புல புல்தரை இருக்கு. நல்ல வெயில் விழும். வெயில் வரலேன்னா கிழவங்க ஊதியே காய வைப்பாங்க, வேற வேலை என்ன இருக்கு?"

அந்த வாரம் முழுக்க முதியோர் குடியிருப்பின் புல்தரை திருவிழாத் திடல்போல் இருந்தது. மெத்தை, தலையணை, பள்ளிப் பைகள், பொம்மைகள், பிள்ளைகளின் குட்டிக் குட்டிக் காலுறைகள். தொண்ணூறு வயதுப் பாட்டிமார் வரிசையாக உட்கார்ந்து, தலைமுடி உலர்த்தும் கருவியால் குடும்பப் புகைப்படங்களை ஒவ்வொன்றாகக் காயவைத்தார்கள். கிளாரி, நடக்க முடியாதவர்கள் ஓட்டும் தன் பேட்டரி ஸ்கூட்டரில் சுற்றிச் சுற்றி வந்து பறவைகளை விரட்டினார். எல்லாம் மொறுமொறுவென்று காய்ந்த பிறகு, மூடி போட்ட பெட்டிகளில் அடைத்து, மரச் சட்டங்களின் மேல் அடுக்கி, பதினைந்தாம் அறையின் ஷட்டரை மெர்லும் கிர்ராலியும் சேர்ந்து இறக்கினார்கள். அன்றிலிருந்து இருவரும் சிநேகிதிகள்.

இனி அந்தக் கேக்.

பிண்டரூவில் மே மாத விவசாயக் கண்காட்சி என்றால் தெரியும்தானே. காளை, குதிரை, மரம் வெட்டும் போட்டி எல்லாம் ஆண்களின் கூச்சலுக்கு. நிஜமான போர் நடப்பது சமையல் கொட்டகையில், பழக் கேக் மேசையில். மெர்ல் அதில் எத்தனையோ வருடங்களாக இரண்டாம் பரிசின் சிவப்பு ரிப்பனையே வாங்கிக்கொண்டிருந்தார். முதல் பரிசின் நீல ரிப்பன் ஒருமுறைகூட அவர் கைக்கு வரவில்லை. காரணம் கைப்பக்குவம் இல்லை. காரணம், கட்டிய கணவர்.

பழக் கேக் சுட்ட உடனே தின்னும் பண்டம் இல்லை. பிப்ரவரியில் சுட்டு, குளிர்ந்த இருட்டில் வைத்து, வாராவாரம் மேலே ஒரு கரண்டி பிராந்தி ஊற்றி ஊறவிட்டால்தான் மே மாதத்தில் அதற்கு மோட்சம். மெர்ல் துணி அலமாரியில் ஒளித்து வைத்தால் கிளாரி கண்டுபிடிப்பார். தையல் பெட்டிக்குப் பின்னால் வைத்தாலும் கண்டுபிடிப்பார். பழைய அடுப்பு, கோழிக் கூண்டு, எதுவும் பலிக்கவில்லை. ஏப்ரலில் திறந்தால் ஒரு மூலை காணாமல் போயிருக்கும். பிறகு அவசர அவசரமாக இன்னொன்று சுட்டு, ஊறியும் ஊறாமலும் கொண்டுபோய் வைத்து, சிவப்பு ரிப்பனோடு வீடு திரும்புவார்.

இப்போதோ டாக்டர் கிளாரிக்கு இனிப்பையே அறவே நிறுத்திவிட்டார். இரண்டே அறைகளில் எங்கே ஒளிப்பது? மெர்ல் மனத்தில் பதினான்காம் எண் அறை வந்து நின்றது.

கேட்டுக்குப் பக்கத்திலேயே பலகை இருக்கிறது. உணவுப் பொருள் வைக்கக் கூடாது. அந்தப் பலகையைத் தூசி தட்டித் துடைப்பதே மெர்ல்தான்!

"அது சாப்பாடு இல்லேன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்," என்றார் பிற்பாடு. "போட்டிக்கு வைக்கற பொருள். காட்சிப்பொருள். மனுஷ மனசு எவ்வளவு கேவலமா வக்கீல் வேலை பாக்குது பாருங்க."

திராட்சை ஒவ்வொன்றையும் கத்தரியால் ஒரே அளவாக வெட்டி, மதியம் முழுக்க மெல்லிய சூட்டில் வேகவைத்து, மெழுகுத்தாள், அலுமினியத் தாள், அதற்கு மேல் இறுக்கமான தகர டப்பா, அதற்கு மேல் துண்டு என்று பட்டத்து இளவரசியைச் சுற்றுவதுபோல் சுற்றி, சாப்பாட்டு மேசையின் அடியில் வைத்தார். வாரம் ஒருமுறை கதவை உள்ளே இருந்து பாதி இறக்கிக்கொண்டு பிராந்தி ஊற்றினார். கேக்கைத் தூக்கவே மாட்டார். ஓரத்தில் விரல் பட்டு நசுங்கினால் நடுவர் மதிப்பெண் குறைப்பார். அப்படியே இருந்த இடத்தில் மேலே ஊற்றுவார், மூடுவார், திருடியைப்போல் நடைவழியை எட்டிப் பார்த்துவிட்டு வெளியே வருவார்.

இதற்கிடையே கிளாரியின் சர்க்கரை மட்டும் ஏறிக்கொண்டே போனது. "என்ன குடுக்கறீங்க இவருக்கு?" என்று நர்ஸ் திட்டினாள். மெர்ல் உருளைக்கிழங்கைக் குறைத்தார், ரொட்டியைக் குறைத்தார். கிளாரி மகிழ்ச்சியாகத் தினமும், "லைப்ரரிக்குப் போயிட்டு வரேன் கண்ணு," என்று ஸ்கூட்டரில் கிளம்பிக்கொண்டிருந்தார்.

ஏப்ரலில், எங்கள் தென்கோளத்து வழக்கப்படி, குளிர் தொடங்கியது. வயலில் இருந்த சுண்டெலிகள் ஊருக்குள் வந்தன.

கிடங்கிலும் வந்துவிட்டன என்று டேனெல்தான் முதலில் கண்டுபிடித்தாள். நடைவழியில், சரியாகப் பதினைந்துக்கு முன்னால், கறுப்பு அரிசி மாதிரி எலிப் புழுக்கை. அவள் முகம் சிவந்தது. தானிய லாரியை மூடும் பெரிய தார்ப்பாயைக் கிர்ராலி பதினைந்தில்தான் மடித்து வைத்திருந்தாள்.

"அந்தத் தார்ப்பாய்ல கோதுமை ஒட்டிட்டு வருது. வேற என்ன?" டேனெலின் குரல் கட்டடம் முழுக்க மோதியது. "இங்க எத்தன குடும்பத்தோட சாமான் இருக்கு தெரியுமா? எல்லாத்தையும் எலிக்குக் குடுக்க முடியாது. சனிக்கிழமைக்குள்ள காலி பண்ணிடு."

"ஒவ்வொரு தடவையும் உதறிட்டுத்தான் டேனெல் கொண்டு வரேன்."

"உதறின லட்சணம் தரையில கிடக்கே!"

"நான் எங்க கொண்டு போவேன்? வீட்டுக்கு இன்னும் சுவரே பூசல. நாங்க கேரவன்ல இருக்கோம், மூணு பேர் படுத்தா நாலாவது தலைகாணிக்கு இடமில்ல."

"எனக்கும் வருத்தமாத்தான் இருக்கு. ஆனா ஒருத்தருக்காக எல்லாரும் நஷ்டப்பட முடியாது."

நடைவழியில் மெர்ல் சாவியோடு நின்றுகொண்டிருந்தார். கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அவர் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். உடம்பு சரியில்லையோ என்று நினைத்தேன். ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போய்விட்டார்.

அடுத்த சில நாட்கள் அந்த அம்மாள் சரியாகச் சாப்பிடவில்லை. டப்பா இறுக்கமாக மூடித்தானே இருக்கிறது, அதில் எலி எப்படி நுழையும், எலி வந்தது தார்ப்பாயால்தான் என்று ஒரு மனம் சொன்னது. அப்படியானால் நீ ஏன் அதைச் சத்தமில்லாமல் எடுத்துவிடலாம் என்று யோசிக்கிறாய் என்று இன்னொரு மனம் கேட்டது.

சனிக்கிழமை காலையில் ஒரு பெரிய துணிப் பையோடு வந்தார். பதற்றத்தில் கனத்தைக்கூடக் கவனிக்காமல் டப்பாவைப் பைக்குள் போட்டார். தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். கேட்டுக்கு இருபது அடி. யாருக்கும் தெரியாது. அந்த நேரம் பார்த்துப் பதினைந்தின் ஷட்டர் உயர்ந்தது. உள்ளே கிர்ராலி பெட்டிகளைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தாள். மேலே அந்த மெத்தை.

"மெர்ல்! நீங்க வருவீங்கன்னுதான் பாத்துட்டு இருந்தேன்." அவள் ஓடி வந்து மெர்லின் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்க சாமான்ல ஏதாவது கடிச்சிருக்கா? தையல் மிஷின் பெல்ட், துணி, ஏதாவது? என்னாலதான் இருக்கும் மெர்ல். உதறினேன்னு நினைச்சேன், சரியா உதறலயோ என்னவோ. எனக்கு எவ்வளவு செஞ்சீங்க நீங்க. உங்க அறைக்கே எலிய கொண்டு வந்துட்டேனே. மன்னிச்சிடுங்க."

மன்னிப்பு! யார் யாரிடம் கேட்பது! மெர்லின் தோளில் இருந்த பை அந்த நிமிடம் மலைபோல் கனத்தது. மெல்ல இறக்கித் தள்ளுவண்டியின் மேல், மெத்தைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"டேனெல்!" என்று கூப்பிட்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த நடைவழியில் அவர் கத்தியதைக் கேட்டேன். "டேனெல், கொஞ்சம் இங்க வா!"

டேனெல் கையில் காபியோடு ஓடி வந்தாள். நானும் என் அறையை விட்டு வெளியே வந்துவிட்டேன்.

"இதத் திற," என்றார் மெர்ல். "இல்ல, நானே திறக்கறேன். பிப்ரவரிலேர்ந்து இது என் அறையில இருக்கு. பழக் கேக். கண்காட்சிக்கு. உன் பலகைய நானே தொடச்சிட்டு, அதுக்குக் கீழயே நடந்து இத உள்ள கொண்டு போனேன். எலி வந்தது என்னால. இந்தப் பொண்ணால இல்ல."

டேனெல் பைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"நீங்களா?" என்றாள் டேனெல். "மெர்ல், நீங்களா?"

கிர்ராலி மெர்லின் கையை விட்டுவிட்டாள்.

"என் புள்ளைங்க மெத்தைய ஒரு வாரம் புல்லுல போட வச்சீங்க," என்றாள் மெதுவாக. "ஈரம்னு."

"ஆமா."

"நான் இதுல உக்காந்து அழுதேன். அப்பக்கூட விடல நீங்க."

"ஆமா, விடல."

"அன்னிக்கு டேனெல் என்னத் திட்டும்போதும் இங்கதான நின்னீங்க? கேட்டுட்டுத்தான நின்னீங்க?"

"கேட்டுட்டுத்தான் நின்னேன்." மெர்ல் அவள் முகத்தைப் பார்த்தே சொன்னார். "அதுதான் கேக்கைவிட மோசம். எனக்குத் தெரியும்."

டேனெல்தான் காபியைத் தள்ளுவண்டியில் வைத்துவிட்டுப் பையிலிருந்து டப்பாவை இழுத்தாள். "டப்பா இவ்வளவு இறுக்கமா இருக்கே. இதுல எலி எப்படி..." மூடியைத் திறந்ததும் பிராந்தி வாசம் கம்மென்று எழுந்தது. மேற்பரப்பு கறுப்புப் பட்டுபோல் மின்னியது. ஒரு கீறல் இல்லை. "கடவுளே, என்ன அழகா இருக்கு! இத எலி தொடவே இல்ல மெர்ல்."

"தூக்கிப் பாரு. அடியில பாப்போம்," என்றார் மெர்ல். இனி விரல் தடம் பட்டால் என்ன!

டேனெல் இரண்டு கைகளையும் கொடுத்துத் தூக்கினாள். தூக்கிய வேகத்தில் கேக் காற்றில் எகிறியது. கனமே இல்லை. திருப்பினாள். அடிப்பாகம் முழுக்கப் பானைபோல் குடையப்பட்டிருந்தது. வெறும் சுவரும் கூரையும்தான் பாக்கி. அது அமுங்கிவிடாமல் இருக்க உள்ளே செய்தித்தாளைச் சுருட்டி அழகாக அடைத்திருந்தது.

டேனெல் அதை இழுத்துப் பிரித்தாள். குதிரைப் பந்தயப் பக்கம். சில குதிரைகளின் பெயர்களைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டிருந்தது.

"மெர்ல்," என்றாள் டேனெல், "சுண்டெலி பந்தயம் ஆடுமா?"

சரியாக அந்த நேரத்தில், பாருங்கள், கேட் திறந்து, பேட்டரி ஸ்கூட்டர் சத்தம் நடைவழியில் வந்தது. விசிலடித்துக்கொண்டே கிளாரி. சட்டைப் பையில் ஒரு தேக்கரண்டி நீட்டிக்கொண்டிருந்தது. எங்கள் நால்வரையும், டேனெல் கையில் இருந்த கேக்கையும் பார்த்ததும் விசில் பாதியில் நின்றது.

"லைப்ரரி இந்தப் பக்கம் வந்துடுச்சா கிளாரி?" என்றார் மெர்ல்.

"வழி தவறிட்டேன் கண்ணு."

"கரண்டியோடயா வழி தவறுன?"

"அது... டாக்டர் கரண்டி எப்பவும் கையில இருக்கணும்னாரு."

"பொய் சொல்லாத! உன்ன இந்த ஸ்கூட்டரோட ஆத்துல தள்ளிடுவேன். சாவி எங்கேர்ந்து கிடைச்சுது?"

"கதவுக்குப் பக்கத்துலதான தொங்குது." கிளாரி தலையைக் குனிந்துகொண்டார். "கேக்குக்குன்னு வரல மெர்ல், சத்தியமா. நாற்காலிக்குத்தான் வந்தேன். அந்தக் குடியிருப்புல எனக்குன்னு உக்கார ஒரு இடமில்ல. இங்க வந்து என் நாற்காலில ஒரு மணி நேரம் உக்காந்தா நம்ம வீட்டுல இருக்கற மாதிரி இருக்கும். அப்ப ஒரு நாள் வாசன வந்துச்சு. அவ்வளவுதான்."

மெர்ல் கிளாரியின் சட்டைப் பையிலிருந்து கரண்டியைப் பிடுங்கினார். ஐம்பது வருடக் கோபமும் ஐம்பது வருட அன்பும் ஒரே முகத்தில் எப்படி வந்து நிற்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பச்சை நாற்காலியை வெளியே இழுத்துப் புரட்டினோம். மடிப்புகள் எல்லாம் கேக் துகள். பஞ்சுக்குள்ளிருந்து இரண்டு சுண்டெலிகள் தாவி ஓடின. நாங்கள் துள்ளியதில் டேனெலின் காபி கவிழ்ந்து என் கால் மேல் கொட்டியது.

திடீரென்று ஒரு சத்தம் கேட்டது. திரும்பினால் கிர்ராலி. தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர்.

"செய்தித்தாள வச்சு அடைச்சிருக்காரு!" என்றாள் மூச்சு வாங்க. "என் வீட்டுச் சுவரக்கூட இவ்வளவு நல்லா யாரும் அடைக்கல!"

சிரித்து முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு மெர்லைப் பார்த்தாள். "கோபம் போயிடுச்சுன்னு நினைக்காதீங்க. இருக்கு."

"இருக்கணும்," என்றார் மெர்ல். "முதல்ல உன் பெட்டிய ஒவ்வொண்ணா பாப்போம். என்ன போயிருக்கோ நான் சரி பண்றேன். அப்புறம் டேனெல், என் சாமான நாளைக்குள்ள காலி பண்ணிடறேன். உன் விதி அவளுக்கு ஒண்ணு எனக்கு ஒண்ணு இல்ல."

மத்தியானம் வரை பதினைந்தைப் பிரித்தோம். மூடி போட்ட பெட்டிகளில் இருந்த எதுவும் கெடவில்லை. மூடாமல் விட்டிருந்த ஒரே பையில் சின்னவனுடைய குளிர் கோட்டின் கைப்பகுதியை மட்டும் எலி கடித்திருந்தது. மெர்ல் அதை அங்கேயே, தையல் இயந்திரத்தை நடைவழிக்கு இழுத்து வைத்துத் தைத்தார். முழங்கையில் ஒரு நட்சத்திரம் வைத்து. பிறகு தரையைப் பெருக்கினார், தடுப்பின் அடியில் இருந்த ஓட்டைகளில் எல்லாம் இரும்பு நாரைத் திணித்தார். தன் பக்கம், கிர்ராலி பக்கம், பதின்மூன்றின் பக்கம் என்று யாரும் கேட்காமலே. கிளாரிக்குத் தண்டனையாகத் துடைப்பம் கொடுத்தார். அவர் ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடியே பெருக்கினார்.

டேனெல் கைகளைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி, நான் ஒண்ணு சொல்லட்டுமா?" என்றாள் கடைசியில். "உணவுப் பொருள் வச்சா வெளிய போகணும். விதி அதுதான்."

"போறேன்னுதான சொல்றேன்," என்றார் மெர்ல்.

"இருங்க. வச்சது நீங்க. ஆனா துகள் துகளா கொட்டினது யாரு?" அவள் விரல் கிளாரியின் பக்கம் திரும்பியது. "இவர் இனிமே இந்தக் கேட்டுக்குள்ள காலே வைக்கக் கூடாது. சக்கரமும் வைக்கக் கூடாது. உங்க கேட் எண்ண மாத்தறேன், இவருக்குச் சொல்லக் கூடாது. உங்களுக்கு இது ஒரே எச்சரிக்கை. இன்னொரு திராட்சை இங்க பாத்தேன், ஐம்பது கண்காட்சி வந்தாலும் விடமாட்டேன். கிர்ராலி, நீ பெட்டிய திருப்பி உள்ள வை. நான் உன்னத் திட்டினது தப்பு. எல்லார் முன்னாடியும் திட்டினேன், எல்லார் முன்னாடியும் சொல்றேன், தப்பு."

"மெர்ல் போனா நானும் போயிடுவேன்னு சொல்ல வாயெடுத்தேன்," என்றாள் கிர்ராலி. "நல்லவேளை, நீங்களே சொல்லிட்டீங்க. எனக்குப் போக இடமில்ல."

மிச்சம் இருந்த கேக் சுவரைத் தின்னலாம் என்று கிளாரி கெஞ்சினார். "கேட்டுக்கு வெளிய!" என்று கத்தினாள் டேனெல். எல்லோரும் வெளியே போனோம். சாலையோரம், லாரியின் பின்பக்கத்தில் உட்கார்ந்து சுவரையும் கூரையையும் தின்றோம். கிளாரிக்கு மட்டும் ஒரே ஒரு திராட்சை. நான் பல கண்காட்சிகளில் பல கேக்குகளைத் தின்றிருக்கிறேன். இப்படி ஒன்று தின்றதில்லை. மெர்ல் மட்டும் அந்த வருடம் சமையல் கொட்டகைப் பக்கம் எதையும் கொண்டுபோகவில்லை. யார் கேட்டாலும், "கிடங்குல ஒளிச்சு வச்சேன், மாட்டிக்கிட்டேன்," என்று நடந்ததை நடந்தபடி சொன்னார்.

சாயங்காலம் மெத்தை திரும்பப் பதினைந்துக்குள் போனது. ஷட்டரை இறக்கிப் பூட்டினாள் கிர்ராலி. பிறகு வளையத்திலிருந்து இரண்டாவது சாவியைக் கழற்றி மெர்லிடம் நீட்டினாள்.

"விதைப்பு ஆரம்பிச்சா நான் வாரக்கணக்கா ரோட்டுல இருப்பேன். நடுவுல திறந்து பாத்துக்குங்க."

மெர்ல் கையை நீட்டவில்லை. "எங்கிட்டயா குடுக்கற? இன்னிக்கா?"

"எலி வந்தா யார் மூக்குல முதல்ல படும்? உங்க மூக்குலதான். பிடிங்க, கை வலிக்குது."

அந்த அம்மாள் சாவியை வாங்கி நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டார். கண்ணீர் கன்னத்தில் தாராளமாக வழிந்தது. துடைக்கவும் இல்லை.

கேட்டுக்கு அப்பால் ஸ்கூட்டரில் உட்கார்ந்திருந்த கிளாரி கம்பி வலையில் மூக்கை அழுத்திக்கொண்டு கத்தினார். "மெர்ல்! அங்க என்ன அழுகை? என்ன நடக்குது? யாராவது சொல்லுங்களேன்!"

"உனக்கு அனுமதி இல்ல!" என்று மூன்று பெண்களும் ஒரே குரலில் திருப்பிக் கத்தினார்கள்.